ரோட் டாக்ஸை எடுத்துவிட்டுப் பெற்றோலில் போட்டால் என்ன?

தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: "பிரித்தானியாவில் 2025-இல் காருக்கு வருடம் 195 பவுண்ட்ஸ் வரி கட்டினோம். ஓட்டினாலும் அதே காசு, வீட்டு வாசலில் நிறுத்தி வைத்தாலும் அதே காசு. இந்த வரியை முழுதாக எடுத்துவிட்டு, அந்தத் தொகையைப் பெற்றோல், டீசல் வரியில் சேர்த்துவிட்டால் ஓடுகிறவன் கட்டுவான், ஓடாதவன் தப்புவான். அண்ணை, இவ்வளவு சுலபமான விஷயம் ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை?"

தோன்றியது, தம்பி. தோன்றியது மட்டுமில்லை, செய்யப்போகிறோம் என்று ஓர் அரசாங்கம் அறிவித்தும் விட்டது. 1978 நவம்பரில், தொழிற்கட்சி அரசின் போக்குவரத்து அமைச்சர் வில்லியம் ரொட்ஜர்ஸ், கார் வரியைப் படிப்படியாகக் குறைத்து 1983-க்குள் இல்லாமலாக்கி, ஈடாகப் பெற்றோல் வரியைக் கூட்டுவதாகச் சொன்னார். அப்போது வருட வரி 50 பவுண்ட்ஸ். அடுத்த வருடம் ஈரானில் புரட்சி. எண்ணெய் விலை ஏறியது. மே மாதத் தேர்தலில் ஆட்சி மாறியது. புதிய அரசு திட்டத்தைக் கைவிட்டது. 1980-இல் கார் வரி 60, அதற்கடுத்த வருடம் 70. பூச்சியமாகியிருக்க வேண்டிய 1983-இல் அது 85 பவுண்ட்ஸாக இருந்தது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் யோசனை 1978-இல் சரியான யோசனை. இன்றைக்கு அது கடை மூடும் நேரத்தில் வந்து நிற்கிற வாடிக்கையாளர் மாதிரி. ஏன் என்று பார்ப்பதற்கு முன், நீங்கள் கட்டும் வரி என்ன வரி என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

எல்லோரும் ரோட் டாக்ஸ் என்கிறோம். நானும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் ரோட்டுக்கும் அதற்கும் இருந்த நேரடித் தொடர்பு 1937-இலேயே அறுந்துவிட்டது. 1909-இல் நிதியமைச்சர் லொயிட் ஜோர்ஜ் தன் வரவுசெலவுத் திட்டத்தில் இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவந்தார்: பெற்றோலுக்கு கலனுக்கு (சுமார் நாலரை லீற்றர்) மூன்று பென்ஸ், காருக்குக் குதிரைவலுவைப் பொறுத்து வருட வரி. வசூல் ரோட்டுக்கு என்று தனி நிதியில் போனது. பிறகு 1921-இல் நடந்தது நீங்கள் கேட்பதற்கு நேர் எதிரானது. பெற்றோல் வரியை எடுத்துவிட்டு, பாரத்தைக் காரின் மேல் போட்டார்கள். ஒரு குதிரைவலுவுக்கு ஒரு பவுண்ட். 1928-இல் பெற்றோல் வரியைத் திரும்பக் கொண்டுவந்தவர் நிதியமைச்சராக இருந்த சேர்ச்சில். ரோட்டு நிதியில் கைவைத்தவரும் அவர்தான்.

அந்தக் குதிரைவலு வரி செய்த வேலையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. வரிக்காகக் குதிரைவலுவைக் கணக்கிட்ட சூத்திரம் சிலிண்டரின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் மட்டும்தான் பார்த்தது. பிஸ்டன் எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது என்பதைப் பார்க்கவில்லை. உடனே பிரித்தானியக் கார்க் கம்பனிகள் ஒடுங்கிய, நீண்ட சிலிண்டர் வைத்த என்ஜின்களைச் செய்யத் தொடங்கின. ஃபோர்ட் மொடல் டி-க்கு வருடம் 20 பவுண்ட்ஸுக்கு மேல் வரி. 1922-இல் வந்த ஒஸ்ரின் செவனுக்கு ஏழெட்டுப் பவுண்ட்ஸ். ஒரு தலைமுறை என்ஜின்களின் வடிவத்தையே வரிச்சூத்திரம் தீர்மானித்தது. 1948-இல்தான் புதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே 10 பவுண்ட்ஸ் என்று ஆக்கினார்கள்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். இது என் தொழில். லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் நம்மவர்கள் நடத்துகிற சில பெற்றோல் செட்களுக்கு நான்தான் கணக்குப் பார்க்கிறேன்.

பெற்றோல் லீற்றர் 135 பென்ஸ் என்று வையுங்கள். அதில் எரிபொருள் வரி, 2025-இல் இருந்த வீதப்படி, 52.95 பென்ஸ். அந்த வரியையும் சேர்த்த விலையின் மேல் 20 வீதம் வாட், அதாவது பெறுமதி சேர் வரி, அது 22.5 பென்ஸ். ஆக 75 பென்ஸுக்கு மேல் அரசுக்கு. வரிக்கும் வரி கட்டுகிறோம் என்பது பலருக்குத் தெரியாது. மீதி 60 பென்ஸில் மசகு (கச்சா) எண்ணெய், சுத்திகரிப்பு, ஏற்றி இறக்கும் செலவு எல்லாம் போக செட்காரருக்கு நிற்பது சில பென்ஸ்.

நாடு முழுவதும் எரிபொருள் வரியாக வருடத்துக்குக் கிட்டத்தட்ட 2,400 கோடி பவுண்ட்ஸ் வருகிறது. வாகன வரியில் வருவது சுமார் 800 கோடி. லீற்றருக்கு 52.95 பென்ஸ் வீதம் 2,400 கோடி வரவேண்டுமானால் விற்பது ஏறக்குறைய 4,500 கோடி லீற்றர். அதே லீற்றர்களில் இன்னொரு 800 கோடியை ஏற்ற வேண்டும் என்றால் லீற்றருக்கு 17, 18 பென்ஸ் கூட்ட வேண்டும். அதன்மேல் வாட். பம்பில் நிற்கும் உங்களுக்கும் எனக்கும் 20 பென்ஸ் சொச்சம் ஏறும். வாட்டில் வரும் கூடுதல் வசூலைக் கழித்தால் கொஞ்சம் குறைக்கலாம். வசதிக்கு 20 என்றே வைப்போம்.

இனி இரண்டு பேர். ஒருவர் லண்டன் ஹரோவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஐயா. வெள்ளிக்கிழமை கோயில், சனிக்கிழமை சாமான் வாங்க, இடைக்கிடை டொக்டர். வருடத்தில் 2,500 மைல். சின்னக் கார், கலனுக்கு 45 மைல் கொடுக்கும். அவருக்கு வருடம் 250 லீற்றர் போதும். புதிய முறையில் 50 பவுண்ட்ஸ் கூடும், 195 மிச்சமாகும். கையில் 145 லாபம். மற்றவர் அவருடைய மருமகன், பெற்றோலும் மின்சாரமும் கலந்த ஹைபிரிட் காரை மினிகாப்பாக, வாடகைக்கு ஓடுகிறார், வருடம் 30,000 மைல். கலனுக்கு 50 மைல் என்றாலும் 2,700 லீற்றருக்கு மேல். 545 கூடும், 195 கழியும். 350 பவுண்ட்ஸ் நட்டம். ஐயாவின் வரியை மருமகன் கட்டுகிறார். "அதுதானே நியாயம், அவர்தானே ரோட்டைப் பாவிக்கிறார்" என்பீர்கள். நியாயம்தான். ஆனால் அவர் விருப்பத்துக்கு ஓடவில்லை, வயிற்றுக்கு ஓடுகிறார்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. 195-ஐ 20 பென்ஸால் வகுத்தால் 975 லீற்றர். 45 மைல் கொடுக்கும் காரில் அது 9,600 மைல் அளவில் வரும். பிரித்தானியாவில் சராசரிக் கார் ஓடுவது அதைவிடக் குறைவு. அப்படியானால் பெரும்பான்மைக் கார்க்காரர்களுக்கு லாபமா? ஆம், மேலோட்டமாகப் பார்த்தால். அப்போ அந்த 800 கோடி யாரிடமிருந்து வரும்? வான், லொறி. ஒரு பெரிய லொறி வருடத்துக்கு 40,000 லீற்றர் டீசல் குடிக்கும். வாட்டைத் திருப்பி எடுத்தாலும் லீற்றருக்கு 17 பென்ஸ் வீதம் 6,800 பவுண்ட்ஸ். லொறிக்காரர் அதைத் தன் சட்டைப்பையிலிருந்து கொடுக்கப் போவதில்லை. அரிசி மூட்டையிலும் தக்காளிப் பெட்டியிலும் அது ஏறும். கார் வரியில் மிச்சம் பிடித்த ஐயா அதில் ஒரு பங்கைக் கடையில் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

வெளிநாட்டு லொறி இன்னொரு ஓட்டை. ஐரோப்பியக் கண்டத்தில் மலிவாகத் தாங்கி நிரப்பிக்கொண்டு கால்வாயைக் கடந்து வந்து, இங்கே ஒரு லீற்றரும் அடிக்காமல் ஓடிவிட்டுத் திரும்பலாம். அதனால்தான் 2014 ஏப்ரலில் 12 தொன்னும் அதற்கு மேலும் உள்ள லொறிகளுக்குத் தனியாக ஒரு ரோட்டுப் பாவனைக் கட்டணம் கொண்டுவந்தார்கள். வட அயர்லாந்தில் கதை இன்னும் சுவாரசியம். வரி வித்தியாசம் கூடும்போதெல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம் போய் அடித்துக்கொண்டு வருவது அங்கே வழக்கம். விவசாயத்துக்குக் குறைந்த வரியில் கொடுக்கும் சாயம் போட்ட டீசலில் சாயத்தை நீக்கி விற்கும் கள்ளத் தொழிலும் நீண்டகாலமாக நடக்கிறது. பெற்றோல் வரியைக் கூட்டும் எவரும் இந்தத் தொழிலுக்குக் கூலி உயர்வு கொடுக்கிறார்.

ஸ்கொட்லாந்தின் மலைப்புறங்களில், தீவுகளில் இருப்பவர்களுக்கு பஸ் என்பது நாளைக்கு இரண்டு தடவை வந்தால் பெரிய விஷயம். பெற்றோல் விலையும் அங்கே கூட. அதனால் 2012-இலிருந்து தீவுகளிலும், 2015-இலிருந்து பெருநிலத்தில் சில ஒதுக்குப்புறங்களிலும் லீற்றருக்கு 5 பென்ஸ் வரிச்சலுகை இருக்கிறது. 20 பென்ஸ் கூட்டினால் அந்த 5 பென்ஸ் எந்த மூலைக்கு?

இனி உங்கள் பக்கத்து நியாயங்கள். அவை நிறையவே உண்டு.

பெற்றோல் வரியை ஏய்ப்பது கடினம். செட்டுக்கு வரும்போதே வரி உள்ளே இருக்கிறது. சுத்திகரிப்பு நிலையத்தை, களஞ்சியத்தை விட்டு வெளியே வரும் இடத்திலேயே அரசு எடுத்துவிடும். வசூலிக்க வேண்டிய ஆட்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய கம்பனிகள். வாகன வரியை நான்கு கோடிக்கும் மேற்பட்ட வாகனங்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். வரி கட்டியதற்கு அடையாளமாகக் கண்ணாடியில் ஒட்டும் வட்டத்துண்டை 2014 ஒக்டோபரில் நிறுத்தினார்கள். அதற்கு முந்தைய வருடம் வரி கட்டாத வாகனங்கள் 0.6 வீதம்; 2015-இல் 1.4 வீதம். ஒரு துண்டுக் காகிதம் எவ்வளவு பேரை நேர்மையாக வைத்திருந்தது பாருங்கள்.

அப்புறம் அந்த வரி கட்டும் முறையில் இருக்கும் சின்னச் சின்ன அநியாயங்கள். வருடக் காசை ஒரேயடியாகக் கட்ட வசதியில்லாமல் மாதாமாதம் கட்டினால் 5 வீதம் கூடுதல். காரை விற்றால் வரி புதியவருக்கு மாறாது. விற்றவருக்கு முழு மாதங்களுக்குத்தான் திருப்பிக் கொடுப்பார்கள், வாங்கியவர் அந்த மாதம் முதலாம் திகதியிலிருந்து கட்ட வேண்டும். ஒரே மாதத்துக்கு இரண்டு பேரிடம் வசூல். பத்தாம் திகதி கார் விற்ற என் வாடிக்கையாளர் ஒருவர் "இது என்ன அண்ணை, ஒரே கடைக்கு இரண்டு வாடகையா?" என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. பெற்றோலில் போட்டால் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

ஆனால் "வாகன வரி அலுவலகத்தையே மூடிவிடலாம், அந்தச் செலவும் மிச்சம்" என்று சிலர் சேர்த்துச் சொல்வார்கள். அது நடக்காது. எந்தக் கார் யாருடையது என்ற பதிவேடு பொலிஸுக்கும் வேண்டும், காப்புறுதிக்கும் வேண்டும், லண்டனில் புகைக் கட்டணம் வசூலிக்கும் கமராவுக்கும் வேண்டும். சுவான்சீயில் இருக்கும் அந்தக் கட்டடம் அங்கேயேதான் இருக்கும்.

வாகன வரி செய்யும் இன்னொரு வேலையும் பெற்றோல் வரியால் ஆகாது. 2001-இலிருந்து அது காரின் புகையைப் பார்க்கிறது; 2017 ஏப்ரலிலிருந்து பதிவான கார்களுக்கு அந்த வேலை முதல் வருட வரிக்கு மட்டும் சுருங்கிவிட்டது. 2025 ஏப்ரலில் மிக அதிகம் புகைவிடும் புதுக் காருக்கு முதல் வருட வரி 5,490 பவுண்ட்ஸ் ஆனது. ஷோரூமில் நிற்கும்போது அந்தத் தொகை முகத்தில் அறையும். அடுத்த பத்து வருடம் லீற்றருக்கு 20 பென்ஸ் கூடுதலாகப் போகும் என்ற கணக்கை ஷோரூமில் யாரும் போடுவதில்லை. புதுக் காரின் வாசனை அப்படி.

இனி பெற்றோல் செட்டின் பக்கம் இருந்து ஒன்று. இதை வரிக் கட்டுரைகளில் நான் கண்டதில்லை. ஒரு தாங்கி வண்டி 36,000 லீற்றர் கொண்டுவந்து இறக்குகிறது என்று வையுங்கள். 17 பென்ஸ் கூடினால் அந்த ஓர் இறக்கத்துக்கு 6,000 பவுண்ட்ஸுக்கு மேல் கூடுதலாக முதல் போட வேண்டும், வாட் தனி. அட்டைக் கட்டணம் மொத்தத் தொகைக்கு வீதம் போட்டு எடுக்கப்படுகிறது. ஆகவே அரசின் வரிக்கும் சேர்த்து வங்கிக்குக் கட்டணம் கட்டுவது செட்காரர். பெற்றோல் அடித்துவிட்டுக் காசு கொடுக்காமல் ஓடுகிறவன் ஓடும்போது, போன 50 லீற்றரில் பாதிக்கு மேல் ஏற்கனவே கட்டிய வரி. விலை ஏறும் வாரங்களில் இந்த ஓட்டம் கூடுவதை நான் கணக்குப் புத்தகத்திலேயே பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் விட்டாலும், எந்த நிதியமைச்சரும் இதைத் தொடாததற்குக் காரணம் வேறு. விலைப்பலகை. பிரித்தானியாவில் கட்டும் வரிகளிலேயே தெருமுனையில் ஆளுயரத்துக்கு மேல் விளக்குப் போட்டு எழுதிவைத்திருப்பதற்கு மிகக் கிட்ட வருவது எரிபொருள் வரிதான். வாகன வரி வங்கிக் கணக்கிலிருந்து சத்தமில்லாமல் போகும்.

1993-இல் பணவீக்கத்துக்கு மேல் 3 வீதம் வருடாவருடம் எரிபொருள் வரியைக் கூட்டுவது என்று தொடங்கினார்கள். அது 5 ஆகி, 1997-இல் 6 ஆனது. 1999 நவம்பரில் அந்தத் தானியங்கி ஏற்றத்தை நிறுத்தியும் பலனில்லை. 2000 செப்டெம்பரில் விவசாயிகளும் லொறிக்காரர்களும் செஷயரில் இருக்கும் ஸ்ரான்லோ சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலை மறித்தார்கள். அது நாடெங்கும் பரவியது. சில நாட்களில் செட்கள் காய்ந்துவிட்டன. அந்த வாரத்தை மறக்காத அரசியல்வாதி இல்லை. 2011 மார்ச்சிலிருந்து 2022 மார்ச் வரை 57.95 பென்ஸை ஒருவரும் தொடவில்லை. பிறகு தொட்டபோதும் 5 பென்ஸ் குறைக்கத்தான் தொட்டார்கள். விலைவாசி ஏறியதை வைத்துப் பார்த்தால் பதினைந்து வருடமாகக் குறைந்துகொண்டே வந்த வரி இது. அதைத்தான் ஒரே நாளில் 17 பென்ஸ் கூட்டச் சொல்கிறீர்கள்.

பிரான்ஸையும் பாருங்கள். 1956-இல் தொடங்கிய வருடக் கார் வரியைத் தனியாருக்கு 2000-இல் நீக்கிவிட்டார்கள். ஒருவரும் தெருவில் இறங்கி நன்றி சொல்லவில்லை. 2018-இல் டீசலுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து லீற்றருக்கு ஆறரை சதம் கூட்டப்போகிறோம் என்றதும் மஞ்சள் அங்கி போட்ட ஆர்ப்பாட்டக்காரர்கள் தெருச் சுற்றுவட்டங்களில் உட்கார்ந்துவிட்டார்கள். டிசெம்பரில் அரசு பின்வாங்கியது.

இவ்வளவும் 1978-இலும் இருந்திருக்கக்கூடிய சிக்கல்கள்தான். மனம் வைத்தால் சமாளித்திருக்கலாம். இன்றைக்குப் புதிதாக வந்திருக்கும் சிக்கலுக்கு மருந்து இல்லை: ஓடுவதும் எரிப்பதும் ஒன்றாக இருந்த காலம் போய்விட்டது.

2024-இல் இங்கே விற்ற புதுக் கார்களில் ஐந்தில் ஒன்று முழு மின்கார். அவை ரோட்டில் ஓடுகின்றன, நெரிசலில் நிற்கின்றன, பெற்றோல் வரி ஒரு பென்ஸும் கட்டுவதில்லை. 2025 ஏப்ரலிலிருந்துதான் அவற்றிடமும் வருட வரி வாங்கத் தொடங்கினார்கள், அதே 195. உங்கள் யோசனைப்படி வருட வரியை எடுத்துவிட்டால் அந்த 195-உம் போய்விடும். மின்கார் ரோட்டில் இலவசம். அவர்கள் விட்ட பங்கை மீதிப் பெற்றோல் கார்கள் கட்ட வேண்டும். வருடத்துக்கு வருடம் பெற்றோல் கார் குறையும், இருப்பவற்றின் மேல் பாரம் கூடும்.

அந்த மீதி யார்? சொந்த வீடும் வாசலில் கார் நிறுத்த இடமும் உள்ளவர் இரவில் வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் போடுவார். அந்த மின்சாரத்துக்கு வாட் 5 வீதம். கடைக்கு மேல் ஃபிளாட்டில் இருக்கும் குடும்பம் வெளிச் சார்ஜரில் போட வேண்டும். அதற்கு வாட் 20 வீதம். அதனால் அவர்கள் பழைய பெற்றோல் காரையே வைத்திருப்பார்கள். ஓடுகிறவன் கட்டட்டும் என்று தொடங்கிய யோசனை, வாசல் இல்லாதவன் கட்டட்டும் என்று முடியும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

அரசும் இதைப் புரிந்துகொண்டுவிட்டது. 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சராக ரேச்சல் ரீவ்ஸ் அறிவித்ததன்படி 2028 ஏப்ரலிலிருந்து மின்காருக்கு மைலுக்கு 3 பென்ஸ், சார்ஜும் பெற்றோலும் கலந்த பிளக் ஹைபிரிட்டுக்கு ஒன்றரைப் பென்ஸ். வருட வரிக்கு மேலதிகமாக. கலனுக்கு 40 மைல் கொடுக்கும் பெற்றோல் கார் அப்போது மைலுக்கு 6 பென்ஸ் எரிபொருள் வரி கட்டியது, மின்காருக்கு அதில் பாதி. நியூசிலாந்து இந்தப் பாதையில் முன்னமே போய்விட்டது. அங்கே டீசல் வாகனங்களுக்கு 1970-களின் கடைசியிலிருந்தே கிலோமீற்றர்க் கட்டணம்தான், 2024 ஏப்ரலில் மின்கார்களையும் சேர்த்து 1,000 கிலோமீற்றருக்கு 76 டொலர் வாங்குகிறார்கள். ஓடுகிறவன் கட்டட்டும் என்ற உங்கள் கொள்கைதான் இது. பம்புக்குப் பதில் மைல்மீற்றர்.

ஆனால் பம்ப் பொய் சொல்லாது. மைல்மீற்றர் சொல்லும். பழைய கார் வியாபாரத்தில் மீற்றரைத் திருப்பி வைப்பது நேற்று வந்த வித்தை இல்லை. இங்கே வரப்போகும் முறையில் எவ்வளவு ஓடுவேன் என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லிக் கட்ட வேண்டும், வருடச் சோதனையில் மீற்றரைப் பார்த்து ஒப்பிடுவார்கள். கிழக்கு லண்டனில் என் வாடிக்கையாளர் ஒருவர் தன் செட்டில் இரண்டு பம்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சார்ஜர் போட்டிருக்கிறார். முன்பு அந்த இரண்டு பம்பில் விற்ற ஒவ்வொரு லீற்றரிலும் 52.95 பென்ஸ் வரி அரசுக்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருந்தது. இப்போது அங்கே நாற்பது நிமிடம் நிற்கும் காரிடம் அவர் வாங்கிக் கொடுப்பது வாட் மட்டும், அதோடு ஒரு ரோல்ஸும் பால் தேத்தண்ணியும் விற்கிறார். லாபம் பெற்றோலைவிட அந்தத் தேத்தண்ணியில்தான் கூட என்கிறார்.